ஸ்ரீசிட்டி சிங்கத்தைப் புகைக்குள் விரட்டியது பற்றி

காட்டோரத் தெரு,
பங்காருபாளையம் மண்டலம்,
சித்தூர் ஜில்லா.
ஆவணி மாதம் முதல் செவ்வாய்க்கிழமை.

மரியாதைக்கும் பயத்துக்கும் உரிய மச்சான் முனியப்பன் அவர்களுக்கு,

உங்கள் தங்கை வீட்டுக்காரன் தேவேந்திரன் கும்பிட்டு எழுதிக்கொள்வது. இங்கே நான், உங்கள் தங்கை கமலம்மா, உங்கள் மருமகள் சந்தியா, இரண்டு கறவை மாடு, அறுபத்திரண்டு மாமரம் எல்லோரும் சுகம். அங்கே உங்கள் சுகத்தையும், உங்கள் கோபம் எந்த அளவில் இருக்கிறது என்பதையும் அறிய ஆவல். குறைந்திருந்தால் மேலே படிக்கவும். குறையவில்லை என்றால் ஒரு சொம்பு மோர் குடித்துவிட்டுப் படிக்கவும்.

செல்போன் காலத்தில் இவன் ஏன் காகிதத்தைக் கெடுக்கிறான் என்று கேட்பீர்கள். மூன்று வாரமாக உங்களுக்கு நாற்பத்தோரு தடவை போன் போட்டேன். மணி அடிக்கிறது, நீங்கள் எடுப்பதில்லை. கமலம்மா போட்டதற்கு ஒரே ஒரு தடவை பதில் வந்தது, அதுவும் எழுத்தில்: 'இப்போ பேச முடியாது.' அதைப் பார்த்து அவள் அடுப்படியில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். "முடியாதுன்னுதான் எழுதிக்கீறாரு, மாட்டேன்னு எழுதல" என்று நான் சட்ட நுணுக்கம் சொல்லித் தேற்றினேன். அடுத்த வெள்ளிக்கிழமை சந்தியாவுக்கு நிச்சயம். மாப்பிள்ளை லோகேஸ்வரன் நீங்கள் பார்த்துச் சொன்ன பையன், உங்களோடு ஸ்ரீசிட்டியில் ஒரே பேக்டரியில் வேலை, தடாவில் உங்களுக்குப் பக்கத்து ரூம். தாய்மாமன் நீங்கள் சபையில் உட்கார்ந்து தாம்பூலத் தட்டைக் கையில் வாங்காமல் எங்கள் வீட்டில் ஒரு வெற்றிலைகூட நகராது. உங்களை வரவைப்பதற்குத்தான் இந்தக் கடிதம். அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்தது எதுவும் உங்களை அவமானப்படுத்த வேண்டும் என்று நடந்ததல்ல, அது எப்படி நடந்தது என்பதை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன், கடைசியில் நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

சந்தியா திருப்பதியில் 'அக்னி வட்டம்' என்கிற துப்பாக்கி விளையாட்டுக் கம்பெனியில் வேலை செய்வது உங்களுக்குத் தெரியும். தெரியும் என்ன, அந்த விளையாட்டில் 'ஸ்ரீசிட்டி சிங்கம்' என்று பெயர் வைத்துக்கொண்டு, கங்கம்மா ஜாத்திரைக்கு வந்தபோது போனைத் தெருவெல்லாம் காட்டி, நூறு பேரில் தனியாளாக நின்று ஜெயித்தேன் என்று மார்தட்டியவரே நீங்கள்தான். ஆகையால் விளையாட்டைப் பற்றி உங்களுக்கே நான் சொல்வது அதிகப்பிரசங்கம், ஆனால் இந்தக் கடிதம் பஞ்சாயத்துக்குப் போனால் பெரியவர்களுக்கும் புரியவேண்டும் என்பதால் எழுதுகிறேன்: ஒரு தீவில் நூறு பேர் இறங்குவார்கள், கிடைக்கிற துப்பாக்கியை எடுத்து ஒருவரை ஒருவர் சுடுவார்கள், சுற்றிலும் விஷப்புகை வட்டமாக நெருங்கிக்கொண்டே வரும், புகைக்குள் போனவன் அவுட், கடைசிவரை நிற்பவன் ஜெயித்தவன். பக்கத்தில் நிற்பவர்கள் பேசினால் காதில் கேட்கும், அது ஒரு வசதி. உகாதிக்கு வெளியிட்டார்கள். வெளியிட்ட பிறகுதான் கஷ்டகாலம் ஆரம்பித்தது. கதவைத் திறந்தால் ஆள் தரைக்குள் இறங்கிப்போனான். தரையைச் சரிசெய்தார்கள், ஜீப் வானத்தில் ஓடியது. ஜீப்பை இறக்கினார்கள், ஜீப் ஓட்டுகிறவனுக்குத் தலை காணாமல் போனது. ஆடுகிறவர்கள் எழுதிப்போடும் புகார்களைப் படித்து, புதன்கிழமைதோறும் சரிசெய்து வெளியாகும் பதிப்பைச் சோதித்துப் பார்ப்பதுதான் நம் சந்தியாவின் வேலை. எல்லோரும் ஒற்றை நட்சத்திரம் போட்டு வைய, அந்தப் பெண் ஒவ்வொருவருக்கும் 'தங்கள் பொறுமைக்கு நன்றி' என்று பதில் எழுதி எழுதி, ஒருநாள் வீட்டில் குழம்பில் உப்பில்லை என்று நான் சொன்னதற்கும் 'தங்கள் பொறுமைக்கு நன்றி நைனா' என்றாள்.

ஆடி மாதத்தில் அவள் முகம் இன்னும் சுருங்கியது. என்னவென்று கேட்டேன். "ஞாயித்துக்கெழம சாயந்திரம் அஞ்சு மணிக்குக் கடைசி டெஸ்ட்டு நைனா. புது தீவு. நெறைய பேரு ஒரே நேரத்துல ஆடி, அது நிக்குதான்னு பாக்கணும். நூறு பேரு வேணும், சேரல. ஆளு வர்லன்னா மூட்டையக் கட்டிடுவாங்க" என்றாள். ஆள் இல்லையா? மாங்காய் சீசன் முடிந்து எங்கள் இரண்டு தெருவும் சும்மா உட்கார்ந்து தாயம் ஆடிக்கொண்டிருக்கிறது, எல்லோர் கையிலும் போன் இருக்கிறது, என் பெண்ணின் வேலைக்கு ஆள் இல்லையா! நான், கமலம்மா, சந்தியா உட்பட இருபத்திரண்டு பேரைச் சேர்த்தேன். அதில் முதலில் பெயர் கொடுத்தவள் நம் எதிர்வீட்டுச் செல்லியம்மா, ஐம்பத்தெட்டு வயது, இந்தத் தெருவில் நின்று கூப்பிட்டால் மொகிலி மலையில் மேயும் மாடு திரும்பிப் பார்க்கும், அப்படிப்பட்ட தொண்டை. சந்தியா எல்லோருக்கும் போனில் விளையாட்டை ஏற்றிக்கொடுத்து, "சுட வாணாம், ஜெயிக்க வாணாம். சும்மா நடந்துக்கினு இருந்தா போதும்" என்றுதான் சொன்னாள். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும், மச்சான். ஜெயிக்கும் எண்ணம் எங்களுக்கு இல்லவே இல்லை.

ஆனால் அது நடந்த விதம் கேளுங்கள். எங்கள் தோட்டத்துக் களத்தில் இருபத்திரண்டு பேரும் உட்கார்ந்தோம். தீவில் இறங்கினோம். இறங்கினதும் எங்கிருந்தோ டமடமவென்று சத்தம், மரத்துக்குப் பின்னால் ஏதோ அசைகிறது. செல்லியம்மா போனைப் பார்த்து, "தோ, பாறைக்குப் பின்னால ஒண்ணு குந்திக்கினு கீது!" என்று கத்தினாள். சாயங்கால வேளை, மரத்தடியில் அசைவு, செல்லியம்மாவின் குரல், இந்த மூன்றும் சேர்ந்தால் எங்கள் ஊர்க்காரனுக்கு என்ன நினைவுக்கு வரும்? நீங்களே இந்த ஊரில் ஆறு வருஷம் எங்களோடு யானை விரட்டினவர்தானே! மாங்காய்க் காலத்தில் காட்டிலிருந்து இறங்கி வந்தால் நாம் என்ன செய்வோம்? யாரும் சொல்லவில்லை, ஆனால் இருபத்திரண்டு பேரும் தானாகப் பாதி வட்டமாகப் பிரிந்துவிட்டார்கள். நான் அனிச்சையாக, "முன்னால ஓடாதீங்க! வரிசை ஒடையக் கூடாது! காடு பக்கம் வழிய விடுங்க!" என்று குரல் கொடுத்தேன். கமலம்மா ஓடிப்போய்ச் சோறு வடிக்கிற தட்டைக் கொண்டுவந்தாள். ஒருத்தன் தகர டப்பாவை எடுத்தான். போனை மடியில் வைத்துக் கட்டைவிரலால் நகர்த்திக்கொண்டே, மறு கையால் அடித்தோம், மச்சான். டங் டங் டங். செல்லியம்மா "ஹோய்ய்ய்" என்றாள்.

எதிரில் இருந்தவர்கள் எல்லோரும் திருப்பதிக் காலேஜ் பிள்ளைகள், காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஆடுகிறவர்கள். அவர்கள் காதுக்குள் செல்லியம்மா நேராக இறங்கினால் எப்படி இருக்கும்? பாறைக்குப் பின்னால் இருந்தவன் துப்பாக்கியைப் போட்டுவிட்டு ஓடினான். சுடாமல், குனியாமல், ஒளியாமல் இருபத்திரண்டு பேர் வரிசையாக நடந்து வந்தால் யாருக்குத்தான் பயம் வராது? "யாருரா இவங்க? ஏன் சுட மாட்டேங்கறாங்க?" என்று ஒருவன் அழுதுகொண்டே போனான். அவனைத் துரத்தவில்லை, சும்மா நடந்தோம். நடுவில் ஒரு புதுப் பையன், எப்படி நகர்வது என்றே தெரியாமல் சுவரில் முட்டி முட்டி நின்றான். "குட்டி கீது, நில்லுங்க!" என்று நான் எல்லோரையும் நிறுத்தினேன். குட்டி இருந்தால் அது முதலில் போகும்வரை நிற்பதுதானே முறை? அவனுக்குச் செல்லியம்மா, "கட்டைவிரல இப்டி தள்ளு கண்ணு, பையப் போ" என்று சொல்லிக்கொடுத்து அனுப்பினாள். நாங்கள் வழி விட்ட பக்கம் காடு இல்லை, புகை. அது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. போனவர்கள் எல்லோரும் வரிசையாகப் புகைக்குள் போய் அவுட். எழுபத்தேழு பேர்!

மிச்சம் ஒருவர். குளக்கரையில் ஜீப்பில், தலைக்கு மேல் பெயர் எழுதியிருந்தது: ஸ்ரீசிட்டி சிங்கம்.

என் கை தட்டின் மேலேயே நின்றுவிட்டது. நிறுத்துங்கள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் உங்கள் தங்கை, கூடப்பிறந்தவள், மூன்று மாதமாக உங்களைப் பார்க்காத ஏக்கத்தில், உங்களைக் கண்ட சந்தோஷத்தில், யானை விரட்டுகிற வேகமும் சேர்ந்துகொள்ள, "அண்ணா! போண்ணா! அந்தப் பக்கம் வழி கீது, போயிடுண்ணா!" என்று கூவிவிட்டாள். பாசத்தில் சொன்னது, மச்சான்! அடிபடாமல் தப்பிக்கட்டும் என்று சொன்னது! நீங்கள் ஜீப்பிலிருந்து இறங்கினீர்கள். எங்கள் வரிசையில் மஞ்சள் தொப்பி போட்டு நின்ற சந்தியாவை ஒரு தடவை திரும்பிப் பார்த்தீர்கள். ஒரு வார்த்தை பேசாமல் புகைக்குள் நடந்துபோனீர்கள். இதைக் கம்பெனிக்காரர்கள் நேரலையில் போட்டிருந்தார்கள் என்பது எங்களுக்குச் சத்தியமாகத் தெரியாது. ஊரில் தனியாளாக நின்று ஜெயிக்கும் சிங்கத்தைத் தங்கச்சியே 'போயிடுண்ணா' என்று விரட்டியதை எத்தனை ஆயிரம் பேர் பார்த்துச் சிரித்தார்களோ, அந்தக் கணக்கைச் சந்தியாவிடம் நான் கேட்கவே இல்லை.

ஜெயித்த சந்தோஷமும் எங்களுக்கு நிலைக்கவில்லை. இரண்டே நிமிஷத்தில் எல்லோர் போனிலும் சிவப்பு எழுத்து வந்தது. "இன்னாடி சந்தியா, நமக்குப் பரிசா?" என்றாள் செல்லியம்மா. பரிசு இல்லை. ஒரு குண்டுகூட யார்மேலும் படாமல் எழுபத்தெட்டுப் பேரை அவுட்டாக்கியது மனிதர்களால் ஆகாத காரியம், இவர்கள் மோசடிக்காரர்கள் என்று கம்ப்யூட்டரே தீர்மானித்து இருபத்திரண்டு பேரையும் விளையாட்டை விட்டுத் தள்ளி வைத்துவிட்டது. வாழ்நாளில் பஸ்ஸில் டிக்கெட் எடுக்காமல் போகாத செல்லியம்மா மோசடிக்காரி! மறுநாள் காலையில் சந்தியாவின் மேலதிகாரி ரக்ஷிதா மேடம் திருப்பதியிலிருந்து காரில் வந்து இறங்கினாள். முப்பது வயசுப் பெண், கண்ணாடி, கையில் லேப்டாப். ஏதோ பெரிய கும்பல் எங்கள் ஊரில் மறைந்திருக்கிறது என்று நினைத்து வந்தவள், களத்தில் தகர டப்பாவையும் வடிதட்டையும் பார்த்துவிட்டு, "அண்ணா, ஒரு குண்டுகூட படல. எல்லாரும் அவுட்டு. எட்லா அண்ணா?" என்று தெலுங்கும் தமிழுமாகக் கேட்டாள்.

எப்படி என்று வாயால் சொல்ல எனக்கு வரவில்லை. "நீங்க அந்த மாமரத்துக்குக் கீழ நில்லும்மா, நீங்கதான் யானை" என்றேன். நின்றாள், பாவம். இருபத்திரண்டு பேரும் பாதி வட்டம் போட்டு, தட்டை அடித்துக்கொண்டு நடந்தோம். பத்தடி நகர்வதற்குள் மேடம் "அய்யோ தேவுடா" என்று ஒரே ஓட்டமாக ஓடிக் காருக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். பெண்ணின் வேலையை நானே தொலைத்துவிட்டேனே என்று வடிதட்டோடு காருக்கு வெளியே நின்றேன். கார்க் கண்ணாடி மெதுவாக இறங்கியது. உள்ளே அவள் மூச்சு வாங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள். "நாலு மாசமா துப்பாக்கிய மாத்தறோம், கதவ மாத்தறோம். ஒருத்தரும் இப்படி ஓடல. எனக்கு இதே வேணும்" என்றாள். தள்ளி வைத்த இருபத்திரண்டு பேரையும் அன்றைக்கே திரும்பச் சேர்த்துவிட்டாள்.

அன்றிலிருந்து எங்கள் களத்துக்குத்தான் அந்தக் கம்பெனியின் உயிரே வந்துவிட்டது என்றால் பெருமைக்காகச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள், கொஞ்சம் பெருமைக்காகவும்தான் சொல்கிறேன். துப்பாக்கி ஆட்டத்துக்குப் பக்கத்திலேயே 'விரட்டு' என்று ஒரு புது ஆட்டம் சேர்க்க முடிவு செய்தார்கள். முதல் புதன்கிழமை வந்த பதிப்பில் தட்டும் டப்பாவும் வைத்தார்கள், ஆனால் திறந்து விடும் பக்கத்தை மறந்துவிட்டார்கள். நாற்பது பேர் போக இடமில்லாமல் ஒருவர்மேல் ஒருவர் ஏறிக் கோபுரமாக நின்றார்கள். "வழி எங்க? வழி இல்லாம வெரட்டினா திரும்பித்தான் வரும்!" என்று நான் போட்ட சத்தத்தில் ரக்ஷிதா மேடம் அதை விதியாகவே எழுதிவிட்டாள்: நாலு பக்கமும் அடைக்கிற அணிக்குத் தோல்வி. இரண்டாவது புதன்கிழமை, தீவில் மாமரமெல்லாம் மூன்றடிக்கு ஒன்றாக நட்டிருப்பது என் கண்ணை உறுத்த, எந்தக் கிறுக்கன் இப்படி நட்டான், முப்பதடியாவது விடவேண்டாமா என்று புகார் எழுதினேன். விட்டார்கள். ஒளிய மரம் இல்லை என்று தூரத்திலிருந்து குறிவைக்கும் பிள்ளைகள் எல்லாம் எனக்கெதிராக மனு போட்டார்கள். கடைசியில் ராஜி ஆனது, பாதித் தீவு அவர்களுக்குப் புதர், பாதித் தீவு எனக்குத் தோப்பு. புதிதாக ஆட வருகிறவனை முதல் பத்து ஆட்டத்துக்கு 'குட்டி' என்று விளையாட்டே அடையாளம் காட்டும், அவன் நகரும்வரை மற்றவர்கள் நிற்கவேண்டும். இது வந்த பிறகு, முதல் நாளே அடிபட்டு ஓடிப்போனவர்கள் எல்லாம் திரும்பி வருகிறார்களாம். ஒற்றை நட்சத்திரம் போட்டவன் ஒருவன் ஐந்து நட்சத்திரம் போட்டு, 'ஜீப் ஓட்டறவனுக்கு இன்னும் தலை வரல, ஆனா பரவாயில்ல, அந்த ஹோய்ய் அம்மாவுக்காக ஆடறேன்' என்று எழுதியிருக்கிறான். செல்லியம்மாவின் குரலைத் திருப்பதிக்குக் கூப்பிட்டுப் பதிவு செய்தார்கள். பதிவு செய்கிற ரூமில் ஒரு விளக்கு அணைந்துபோனதாகச் சொல்கிறார்கள், நான் பார்க்கவில்லை. மூட்டையைக் கட்டும் பேச்சு நின்றுவிட்டது. சந்தியா சாப்பிடும்போது சிரிக்கிறாள், மச்சான். மூன்று மாதம் கழித்துச் சிரிக்கிறாள்.

இத்தனை சந்தோஷத்திலும் ஒரே ஒரு முள் நீங்கள்தான். அதிலும் எனக்குப் புரியாத ஒன்று இருக்கிறது, அதைக் கேட்டுவிடுகிறேன். எங்கள்மேல் கோபம் என்றால் விளையாட்டுப் பக்கமே வராமல் இருக்கவேண்டும். ஆனால் நாங்கள் சாயங்காலம் ஏழு மணிக்குச் சோதனைக்கு உட்கார்ந்தால், ஏழு அடித்ததும் ஸ்ரீசிட்டி சிங்கம் வந்து நிற்கிறது. பேசுவதில்லை. சுடுவதும் இல்லை. சந்தியா எந்த முனையில் நின்று தட்டு அடிக்கிறாளோ, சொல்லி வைத்ததுபோல அந்த முனைக்கு நேரே வந்து நின்று, கடைசிவரை நகராமல் இருந்து, அவள் நாலடி தள்ளி வந்து 'ஹோய்' என்றதும்தான் கிளம்புகிறது. போன வாரம் அவள் காலடியில் ஒரு மருந்துப் பெட்டியைப் போட்டுவிட்டுப் போனீர்கள். நாலு நாளாக, தீவில் எங்கோ ஒரே ஒரு மரத்தில்தான் இருக்கும் மாம்பழத்தைப் பறித்துக்கொண்டு வந்து வைக்கிறீர்கள். போன புதன்கிழமை அவள் திருப்பதி ஆபீசுக்குப் போயிருந்தாள், அன்றைக்குச் சிங்கம் வரவே இல்லை. அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது: என்மேல்தான் உங்களுக்குக் கோபம், மருமகள்மேல் பாசம் ஒரு குண்டுமணி குறையவில்லை. தாய்மாமன் என்றால் நீங்கள்தான். அதை நினைத்து என் கண் கலங்கியது, இதில் எனக்கென்ன வெட்கம். உங்கள் மூட்டுவலியோடு அந்த ஓட்டம் எப்படி ஓடுகிறீர்கள் என்பது மட்டும் ஆச்சரியம்.

ஒரு குற்றத்தையும் ஒப்புக்கொள்கிறேன். முந்தாநாள் பொறுக்கமாட்டாமல் மைக்கில், "சீர்த் தட்டு வாங்க வர்றதுக்கு வக்கில்ல, தெனம் வந்து பழம் குடுத்துக்கினு நிக்கிறியே, நீயெல்லாம் ஒரு ஆம்பளயா?" என்று கேட்டுவிட்டேன். சிங்கம் அப்படியே நின்றது. பிறகு குனிந்து எழுந்தது, குனிந்து எழுந்தது, மூன்று தடவை. கிண்டலா, கும்பிடா என்று எனக்கு விளங்கவில்லை. கிண்டல் என்று நினைத்து இன்னும் இரண்டு வார்த்தை சேர்த்துப் பேசினேன். அதற்கும் சேர்த்து மன்னிக்கவேண்டும்.

முடிவாகச் சொல்வது இதுதான். உங்களை விரட்டியது தப்பு, நேரலையில் விரட்டியது பெரிய தப்பு, 'அண்ணா' என்று சொல்லி விரட்டியது மகாபெரிய தப்பு. வெள்ளிக்கிழமை நீங்கள் வந்து சபையில் உட்காருங்கள். அன்று சாயங்காலம் களத்தில் என்னை யானையாக நிறுத்தி, ஊர் முன்னால் நீங்கள் ஒற்றை ஆளாகத் தட்டு அடித்து விரட்டிக்கொள்ளுங்கள், நான் ஓடத் தயார். காலில் விழவேண்டும் என்றாலும் சரி. சந்தியாவிடம் உங்கள் தடா விலாசம் கேட்டேன், கடிதம் எழுதப்போகிறேன் என்றதும் துப்பட்டாவை வாயில் வைத்துக்கொண்டு சிரிக்கிறாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பெரியவர்கள் மனஸ்தாபத்தின் கனம் தெரிவதில்லை.

உங்கள் உடம்புக்கும், ரூமுக்கும், சம்பளத்துக்கும் கங்கம்மா துணையிருக்க வேண்டும். பக்கத்து ரூமில் இருக்கும் எங்கள் மாப்பிள்ளை லோகேஸ்வரன் பரம சாது, பெரியவர்கள் எதிரில் தலை நிமிராத பிள்ளை, இந்தச் சண்டை எதுவும் அவர் காதுக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளவும். கமலம்மா உங்களுக்குப் பிடித்த மாவடு ஒரு ஜாடி தனியாக எடுத்து வைத்திருக்கிறாள்.

இப்படிக்கு,
உங்கள் மன்னிப்பை எதிர்பார்த்து வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும்,
தேவேந்திரன்.

பி.கு.: மாப்பிள்ளை லோகேஸ்வரன் அவர்களுக்கு. மேலே உள்ள கடிதம் உங்களுக்குத்தான் என்பது, அதை மடித்து உறையில் போடும்போதுதான் தெரிந்தது. வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன் என்று எழுதினேன் அல்லவா, அந்த வாசல் வழியாகக் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு மச்சான் முனியப்பனே பையும் கையுமாக வந்து நின்றார். "இன்னா மச்சான், யாருக்கு லெட்டரு?" என்றார். "உங்களுக்குத்தான் மச்சான்" என்றேன். "கண்ணுல ஆபரேஷன் ஆகி ஒரு மாசம் எழுத்தும் பாக்கக் கூடாது, போனும் பாக்கக் கூடாது. நீயே படி" என்று உட்கார்ந்தார். முழுசும் படித்தேன். சிரிக்கக்கூடாத கண்ணைப் பிடித்துக்கொண்டு உருண்டு உருண்டு சிரித்தார். "எனக்கு இன்னா கோவம்? நிச்சயத்து நேரத்துல தங்கச்சி பயந்துக்கப் போறான்னு ஆபரேஷன சொல்லல. போன லோகேசுகிட்ட குடுத்து ஒரு மாசமாச்சு. எனக்குக் கஞ்சி வெச்சுக் குடுத்துட்டு, ஏழு மணியானா அவன்தான் மூலைல குந்திக்கினு ஆடுவான்" என்றார். நாற்பத்தோரு தடவை என் பெயரைப் போனில் பார்த்து நடுங்கினதும் நீங்கள்தானாம், 'இப்போ பேச முடியாது' என்று உண்மையை எழுதினதும் நீங்கள்தானாம்.

சந்தியாவைக் கூப்பிட்டேன். "மொத நாளே தெரியும் நைனா. மாப்பிள்ளன்னு சொன்னா நீங்க வெரட்டுவீங்களா? தட்டக் கீழ வெச்சிட்டுக் கும்புட்டுக்கினு நிப்பீங்க. டெஸ்ட்டு கெட்டுப்பூடும்" என்றாள். உங்கள் வருங்கால மாமியார் உங்களை 'அண்ணா' என்று கூப்பிட்ட வெட்கத்தில் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. ஆகையால் மேலே 'மச்சான்' என்று வரும் இடமெல்லாம் உங்களையே குறித்ததாக வைத்துக்கொண்டு, எல்லா மன்னிப்பையும் தாங்களே பெற்றுக்கொள்ளவும். மூட்டுவலியை மட்டும் மச்சானுக்கே விட்டுவிடவும். முந்தாநாள் ஆம்பளையா என்று கேட்டதற்கு நீங்கள் மூன்று தடவை போட்டது கும்பிடு என்று இப்போது விளங்குகிறது, ஆசீர்வாதம்.

இந்தக் கடிதம் கிடைத்த அன்றும் ஏழு மணிக்கு வழக்கம்போல வரவும். பழத்தோடு வந்தாலும் விரட்டுவோம், ஒரு பக்கம் திறந்தே இருக்கும். அடுத்த வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வரும்போது மட்டும் ஜாக்கிரதை, மாப்பிள்ளை. அன்றைக்கு நாலு பக்கமும் அடைத்து நிற்கப்போகிறோம், தோற்றாலும் சரி என்று செல்லியம்மா சொல்லிவிட்டாள்.